ஸ்பிதியும் ஒரு விரல் கிரீஸும்

ராம்பூர்

மலையேறப் போகிறோம் என்று கம்பளிச் சட்டையோடு வருகிறவனுக்கு ராம்பூரில் வேர்த்துக் கொட்டும். நார்கண்டாவின் தேவதாரு நிழலை விட்டதும் சாலை மளமளவென்று சட்லெஜ் கரைக்கு இறங்கிவிடுகிறது. உயரம் ஆயிரம் மீட்டர் சொச்சம்தான். சாம்பல் நிறத்தில் கலங்கி, கல்லை உருட்டிக்கொண்டு ஓடும் ஆறு. அந்த இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தித்தான் கடைத்தெருவில் பேரம் பேசுகிறார்கள். புஷஹர் அரசர்கள் ஆண்ட ஊர். திபெத்தோடு கம்பளி வியாபாரம் கொழித்த காலத்துச் சந்தை இன்னும் நவம்பரில் ‘லவி’ என்ற பெயரில் கூடுகிறது.

நாங்கள் போனது ஆவணியில். இரண்டு வண்டிகள். என்னுடையது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2016இல் வந்த முதல் வகை, 411 சிசி, கார்புரேட்டர் வைத்தது. மைத்துனன் ஓட்டியது என் மாமனாரின் காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இரண்டுமே சென்னையில் பிறந்தவை. பிறந்த ஊரில் மேடு என்றால் மேம்பாலம்தான்.

ஆற்றோரக் கடையில் ‘சித்து’ சாப்பிட்டோம். புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் அரைத்த அக்ரூட்டை வைத்து ஆவியில் வேகவைத்தது. நம் கொழுக்கட்டையின் தடித்த சித்தப்பா. அதைப் பிளந்து உருக்கிய நெய்யை ஊற்றித் தருகிறார்கள். ஒன்றே போதும் என்று கடைக்காரர் முன்னாலேயே எச்சரித்தார். மைத்துனன் இரண்டு சாப்பிட்டான்.

“மச்சான், நீங்க முன்னாடி போறப்ப கேட்டேன். உங்க வண்டி பின்னாடி ஏதோ முனகுது.”

“உன் வண்டி போடுற சத்தத்துல என் வண்டி முனகுறது உனக்குக் கேக்குதா மாப்ளே?”

“சைலன்சர் சத்தம் வேற, இது வேற. பள்ளத்துல இறங்குறப்ப மட்டும் கீச்சுங்குது.”

அவன் காது பொய் சொல்லாது. சிறுவயதிலிருந்து அந்தப் புல்லட்டின் ஒவ்வொரு நட்டின் குரலையும் கேட்டு வளர்ந்தவன்.

தராண்டா – கல்பா

ராம்பூருக்கு மேலே சாலையின் குணம் மாறுகிறது. இந்துஸ்தான்–திபெத் சாலை என்று 1850இல் வேலை தொடங்கிய பாதை இது. கின்னௌருக்குள் நுழைந்ததும் செங்குத்துப் பாறையைக் குடைந்து, மேலே கூரையும் பக்கத்தில் பாதாளமுமாகச் சாலையை விட்டிருக்கிறார்கள். தராண்டா தேவி கோயிலில் லாரி, பஸ், கார் எதுவும் நிற்காமல் போவதில்லை. அரசுப் பேருந்து ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமலே இறங்கி, கும்பிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு திரும்பி ஏறுகிறார். பயணிகள் யாரும் அவசரப்படுத்துவதில்லை. அடுத்த வளைவைப் பார்த்தால் காரணம் புரிகிறது.

வாங்து, கர்ச்சம் என்று நீர்மின் திட்டங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கர்ச்சம்–வாங்து திட்டம் மட்டும் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல். டிப்பர் லாரிகள் சிந்திய ஜல்லியும் மழைக்குச் சரிந்த மண்ணும் சேர்ந்து தார்ச்சாலையைப் பல இடங்களில் காணாமலாக்கியிருந்தன. அங்கேதான் என் முதுகும் ஒப்புக்கொண்டது. பெரிய பள்ளங்களை வண்டி நன்றாகவே வாங்கிக்கொண்டது. சின்னச் சின்னக் கற்களில்தான் அடி நேராக இடுப்பெலும்புக்கு வந்தது.

ஏன் அப்படி என்று புரிய, வண்டியின் அடிவயிற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். புல்லட்டின் பின்சக்கரத்தை ஒரு ஸ்விங் ஆர்ம் தாங்குகிறது. இரண்டு பக்கமும் இரண்டு ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். 1949இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் அந்த அமைப்போடு புல்லட் வந்தபோது அது பெரிய சங்கதி. அன்றைக்குப் பல வண்டிகளில் பின்சக்கரத்துக்கு அசைவே கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் கதி. 1955இல் அந்தப் புல்லட் மதராஸுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டது.

ஹிமாலயனில் கதை வேறு. ஒரே ஒரு மோனோ ஷாக், நடுவில் ஒளிந்திருக்கிறது. ஸ்விங் ஆர்முக்கும் அதற்கும் இடையில் ‘லிங்கேஜ்’ என்று ஒரு கைகோர்ப்பு. சக்கரம் முதலில் கொஞ்சம் ஏறும்போது ஷாக் மென்மையாக நடந்துகொள்ளும். சக்கரம் மேலே போகப் போக அதே லிங்கேஜ் அதை விறைப்பாக்கிவிடும். 180 மில்லிமீட்டர் அசைவு கிடைப்பது இதனால்தான். ஆனால் அந்தக் கைகோர்ப்பின் ஒவ்வொரு மூட்டிலும் நீடில் பேரிங் உண்டு. குண்டூசி கனத்து உருளைகள். அங்கே கிரீஸ் வற்றினால் மூட்டு இறுகும். சின்ன அதிர்ச்சிக்கு அந்த இறுக்கத்தை மீற வலுவில்லை. ஷாக் வேலை செய்யாமலே அடி உட்காருகிறவனுக்கு வந்து சேரும்.

கல்பாவில் இருட்டுவதற்கு முன் போய்விட்டோம். எதிரே கின்னர் கைலாசம். ஆப்பிள் மரங்கள் கிளை ஒடியும் அளவுக்குக் காய்த்து நின்றன. தங்கிய வீட்டுப் பாட்டி, பச்சை வெல்வெட் பட்டை வைத்த கின்னௌரித் தொப்பியைத் தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று தெரியவில்லை. முந்தைய ஆண்டுச் சில்கோசா பருப்பை ஒரு கை அள்ளி என் ஜெர்கின் பைக்குள் போட்டு, பல்லால் தோலுரிக்கச் சொல்லிக்கொடுத்தார். பைன் மரத்தின் விதை அது. உரிக்க உரிக்கத் தின்னலாம், வயிறு நிறையாது, பொழுது போகும். சென்னையில் அதன் விலையைச் சொன்னபோது, பருப்பைத் திரும்ப வாங்கிவிடலாமா என்பதுபோல் பார்த்துச் சிரித்தார்.

கப் – நாகோ

கப் பாலத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் விழுகிறது. திபெத்திலிருந்து வரும் சட்லெஜ் ஒரு நிறம், ஸ்பிதி ஒரு நிறம். இதற்கு மேல் காடு கிடையாது. மழையும் ஏறக்குறைய இங்கேயே நின்றுவிடுகிறது. மஞ்சள், செங்காவி, ஊதா என்று மண்ணுக்குத்தான் நிறம். நதிக்கரையிலிருந்து கா கிராமத்தை நோக்கிக் கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. கீழே பார்த்தால் நாம் வந்த சாலையே கோடுகோடாகக் கிடக்கிறது. நம் கொல்லிமலையில் வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருப்பார்கள். இங்கே எண்ணுவதற்கு யாருக்கும் தெம்பில்லை.

நாகோ ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பின்பிடியைப் பிடித்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். பின்பக்கம் ஒரே மூச்சில் எழும்ப வேண்டும். எழுந்தது, நடுவில் ஒரு நொடி தயங்கி, பிறகு மிச்சமும் எழுந்தது. கீச். மைத்துனன் ஒன்றும் பேசாமல் வில்லோ மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பேசாமலிருப்பதிலும் ஒரு வகை உண்டு.

தாபோ

தாபோ மடாலயம் கி.பி. 996இல் கட்டப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு முன்பே. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்குவியல்கள். காஞ்சிபுரத்துக் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதுவா என்று தோன்றும். உள்ளே போய், இருட்டுக்குக் கண் பழகியபின், சுவர் முழுக்க வண்ணம். ஆயிரம் ஆண்டுச் சித்திரம் மண்சுவரில் நிற்பதற்கு முக்கியக் காரணம், இங்கே மழை இல்லை என்பதுதான். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நல்லது. செல்போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டிய சுவர்கள் அவை.

வெளியே வந்தால் என் வண்டியின் மேல் ஒரு குட்டித் துறவி. பத்து வயது இருக்கும். மெரூன் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்து எம்பி எம்பிக் குதிக்கிறான். குதிக்கும் ஒவ்வொரு முறையும் கீச், கீச். அவனோடு இருந்த இன்னும் இருவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்த ஆள் ஏறினான். அவன் கனம் குறைவு, சத்தம் வரவில்லை. ஏமாற்றத்தோடு இறங்கினான். மைத்துனனின் இந்தியில், “இது காஜா போனதும் சரியாகிவிடும்” என்று சொல்லவைத்தேன். ஏன் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டான் முதல் பையன்.

காஜா

இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் உட்கார்ந்த இடம் மடாலயமோ ஏரியோ இல்லை. காஜா பழைய பஜாரின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் கடை. கடைக்காரர் குல்லுக்காரர். பனி உருகியதும் மேலே வருவார், பனி விழுவதற்குள் கீழே இறங்கிவிடுவார். ஊர் அவரை ‘உஸ்தாத்’ என்றது, நாங்களும் அப்படியே அழைத்தோம்.

அவர் எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொடவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, தரையில் குந்தி, பின்டயரை அடியிலிருந்து இரண்டு கையாலும் மெல்லத் தூக்கிப் பார்த்தார். தூக்கிய உடனே ‘டிக்’ என்று ஒரு தளர்வு தெரிந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொரு முறை தூக்கினார். டிக் இல்லை.

“பேரிங் உயிரோடு இருக்கு. காய்ஞ்சு கிடக்கு, அவ்வளவுதான். போயிருந்தா மணாலியிலிருந்து வரணும், நீங்களும் இங்கேயே பட்டாணி உரிச்சுட்டு இருக்கலாம்.”

ஸ்பிதியின் பச்சைப்பட்டாணி அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது. கடை வாசலில் இரண்டு மூட்டை கிடந்தது. வண்டி சரியாகிற வரைக்கும் உரித்துத் தின்னச் சொன்னார். அவ்வளவு இனிப்பான பட்டாணியை நான் தின்றதில்லை.

இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். பின்சக்கரத்தைக் கழற்றி, ஸ்விங் ஆர்முக்கு அடியில் ஒரு பலகையும் இரண்டு செங்கல்லும் வைத்து, பாரம் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் இருக்கும் நிலையைத் தேடினார். இதில்தான் கைப்பழக்கம். பாரம் சமநிலைக்கு வந்தால் லிங்கேஜ் போல்ட் விரலால் இழுத்தாலே வரும். வராவிட்டால் சுத்தியலால் அடிப்பார்கள், மரை சிதையும். இவர் நட்டைக் கடைசி மரையில் விட்டுவிட்டு, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். போல்ட் வழுக்கிக்கொண்டு வந்தது.

மூட்டைத் திறந்ததும் பேரிங்குக்குள் இருந்த இரும்பு ஸ்லீவை உருவி என் கையில் வைத்தார். விரல் கனத்துக் குழாய். மேலே ஒட்டியிருந்தது கிரீஸ் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் திரிந்துபோன ஒரு பசை. துணியால் துடைத்தபின் தெரிந்தது விஷயம். குழாயின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக, சமமான இடைவெளியில், பதிந்த தடம். எதிர்ப்பக்கம் கண்ணாடி. சக்கரத்தில் இருக்கும் பேரிங் முழுச்சுற்று சுற்றும், தேய்மானம் எல்லாப் பக்கமும் பரவும். லிங்கேஜில் இருப்பது சுற்றுவதே இல்லை. சில டிகிரி முன்னும் பின்னும் ஆடும். அதனால் அதே ஊசிகள் அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் குத்திக்கொண்டே இருக்கும். கிரீஸ் இருக்கும்வரை பரவாயில்லை. இல்லாவிட்டால் இரும்பில் இரும்பு எழுதும்.

உஸ்தாத் அந்தக் கோடுகளை நகத்தால் வருடிப் பார்த்தார். நகம் தட்டவில்லை. “மாட்டும்போது இதைப் பாதிச் சுற்றுத் திருப்பிப் போடுவோம். நல்ல பக்கம் பாரத்துக்கு வரும்.” இந்தச் சூட்சுமம் எந்தக் கையேட்டில் இருக்கிறதோ இல்லையோ, அந்த ஸ்லீவ் எனக்கு இன்னும் பல ஆண்டு வரும்.

கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, பல்துலக்கும் பிரஷ்ஷால் உருளைகளைக் கழுவினான் உதவிப் பையன், நேபாளத்துக்காரன். கழுவும்போது ஓர் உருளைகூடக் கீழே விழாமல் உள்ளங்கையை அடியில் ஏந்திக்கொண்டான். காய்ந்தபின் புது கிரீஸ். உஸ்தாத் தன்னிடம் இருந்த ஏபி3 டப்பாவைத் திறந்தார். நம் ஊரில் லாரிக்கும் சைக்கிளுக்கும் போடும் அதே சாதா லித்தியம் கிரீஸ். நான் பையிலிருந்து தண்ணீர் தாங்கும் கிரீஸ் ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிய உடனே அதை நம்பவில்லை. ஒரு கட்டைவிரலில் அவருடையது, மறு கட்டைவிரலில் என்னுடையது, இரண்டையும் வாளித் தண்ணீரில் முக்கி ஆட்காட்டி விரலால் தேய்த்தார். அவருடையது வெளுத்து நழுவியது. என்னுடையது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. “பாதல் ஓடைகளைத் தாண்டுறவரைக்கும் இதுதான்,” என்று ட்யூபை எடுத்துக்கொண்டார்.

ஊசிகளின் இடுக்குக்குள் விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினார். டஸ்ட் சீலின் உதட்டுக்கும் ஒரு பூச்சு. போல்ட் உடம்பிலும் மெல்லியதாக, அடுத்தமுறை துருப்பிடித்து இறுகாமலிருக்க. டார்க் ரெஞ்ச் அவரிடம் இல்லை. கைக்கணக்கில்தான் முறுக்கினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. மணாலியில் அளவு பார்த்து முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இத்தனை நேரமும் எதிரே ஒரு டிரக் ஓட்டுநர் தன் வண்டிக்கு அடியில் படுத்து, கிரீஸ் கன்னால் ஸ்பிரிங் ஷாக்கிள் பின்களுக்கு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். லாரியில் அதற்கென்று நிப்பிள் இருக்கிறது. அழுத்தினால் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். என் வண்டியின் லிங்கேஜில் நிப்பிள் இல்லை, பிரித்தால்தான் உண்டு. அரை நாள் வேலை. அதனால்தான் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆயில் மாற்றம், செயின் ஸ்பிரே, வாட்டர் சர்வீஸ், பாலிஷ். வண்டி பளபளவென்று வெளியே வரும். அந்த வாட்டர் சர்வீஸ்தான் கொடுமை. அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் டஸ்ட் சீலைத் தாண்டி உள்ளே புகும், வெளியே வர வழியிருக்காது. ஹிமாலயத்து ஓடைகள் செய்வதைவிட அதிகச் சேதத்தை, சோப்பு நுரையோடு, நாமே காசு கொடுத்துச் செய்துகொள்கிறோம்.

மதியம் எல்லோருக்கும் துக்பா வந்தது. நூடுல்ஸும் கீரையும் மிதக்கும் சூடான சூப். உஸ்தாத் கையைச் சீயக்காய் மாதிரியான ஏதோ மண்ணில் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். புல்லட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டினார். “இதில் புஷ் லேசாகத் தேய்ஞ்சிருக்கு. இதைவிட எளிய வண்டி கிடையாது, ஆனா எளிமையாலேயே யாரும் பார்க்கிறதில்லை.” மைத்துனன் முகம் கொஞ்சம் சுருங்கியது. நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

குன்சும் – பாதல்

லோசருக்கு அப்புறம் ஊர் கிடையாது. குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கிருக்கும் கோயிலை ஒருமுறை வலம் வந்துதான் எல்லா வண்டியும் இறங்குகிறது. கொடிகள் காற்றில் படபடக்க, நாங்களும் சுற்றினோம். நம் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் எலுமிச்சம்பழம் நசுக்குவோம். இங்கே பழைய வண்டியானாலும் ஒவ்வொரு முறையும் உத்தரவு வாங்க வேண்டும்.

இறக்கத்தில் சாலை என்ற ஒன்று முடிந்துவிடுகிறது. சந்திரா நதியின் ஓரமாக, பாதலிலிருந்து சத்ரு வரை, பனியாறு உருட்டிவிட்ட உருண்டைக் கற்களின் மேல்தான் பாதை. அகலப்படுத்தும் வேலை ஆங்காங்கே நடக்கிறது, கல் மட்டும் குறையவில்லை. வித்தியாசம் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்தது. காலையில் எழுந்து நின்றே ஓட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாதித் தூரம் உட்கார்ந்தே போனேன். தேங்காயளவு கல்லில் முன்சக்கரம் ஏறி இறங்கும். பின்சக்கரம் அதே கல்லைத் தன்பாட்டுக்கு விழுங்கிவிட்டு, தரையை விடாமல் தொடரும். பின்டயர் தரையில் ஒட்டியிருந்தால்தான் இன்ஜினின் இழுவை கல்லுக்குப் போகும். சொகுசுக்கு மட்டுமல்ல இந்த லிங்கேஜ், ஏறுவதற்கும்.

பாதல் கூடாரக் கடையில் ராஜ்மா சாவல். கல்லடுக்கிய சுவர், மேலே தார்ப்பாய். ராஜ்மா மணிக்கணக்கில் வெந்து குழைந்திருந்தது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது, அதனால் குக்கர் இல்லாமல் இங்கே சமையலே இல்லை. ஊறுகாய் மட்டும் நம் மாங்காய் அல்ல. மைத்துனன் தன் பையிலிருந்து திண்டுக்கல் பூண்டு ஊறுகாயை எடுத்தான். கடைக்கார அம்மாள் ருசி பார்த்துவிட்டு, பாட்டிலை எங்கள் பக்கம் தள்ளவே இல்லை.

ஓடைகளைக் காலையிலேயே கடக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் முழங்காலளவு ஓடை இடுப்பளவுக்கு வந்துவிடும். மூன்றாவது ஓடையில் புல்லட் நடுவில் நின்றது. நீருக்கடியில் ஒரு கல்லில் பின்சக்கரம் சறுக்கி, இரண்டு ஷாக்குகளும் அடிவரைக்கும் போய் முட்டின. சாலை வேலை செய்துகொண்டிருந்த ஜார்க்கண்ட் பையன்கள் நாலு பேர், கேட்காமலேயே தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். கரை ஏறியதும், எந்த ஊர் என்று கேட்டார்கள். தமிழ்நாடு என்றதும் அதில் ஒருவன், “நான் திருப்பூர்ல ரெண்டு வருஷம் இருந்தேன்” என்று தமிழிலேயே சொன்னான். பனியன் கம்பெனி. அங்கே வேர்த்தது, இங்கே விரல் மரத்துப்போகிறது, இரண்டில் எது தேவலை என்று கேட்டேன். “அங்க புரோட்டா” என்றான்.

சிஸ்ஸு – மணாலி

கிராம்புவில் மணாலி–லே நெடுஞ்சாலை வந்து சேர்ந்ததும் சக்கரத்துக்கு அடியில் தார். காது அடைத்ததுபோல் ஓர் அமைதி. சிஸ்ஸுவைத் தொட்டுவிட்டு, 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கத்துக்குள் நுழைந்தோம். ஒன்பது கிலோமீட்டர். பாலைவனத்து மலைகளைப் பின்னால் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் வெளியே வந்தால் பச்சை, மழை, மணாலியின் போக்குவரத்து நெரிசல்.

சாலையோரம் ஊற்றுத்தண்ணீரைக் குழாய் வழியாக இழுத்துவிட்டு வண்டி கழுவுகிறார்கள். எங்கள் இரண்டு வண்டிகளின் சேற்றைப் பார்த்த ஒரு பையன் பீய்ச்சுக்குழலோடு ஓடிவந்தான். டேங்க், மட்கார்டு, சக்கரம் வரை விட்டேன். சீட்டுக்கு அடியில் அவன் குழலைத் திருப்பியபோது மைத்துனன் குறுக்கே போய் நின்றுகொண்டான். “அங்க வேண்டாம்டா தம்பி” என்றான், தமிழில். பிறகு இந்தியில் திருப்பிச் சொன்னான். வாளியும் துணியும் வாங்கி, லிங்கேஜை நாங்களே துடைத்தோம்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டார்க் ரெஞ்ச் கிடைத்தது. லிங்கேஜ் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்று மட்டும் கால் திருகு வாங்கியது, மற்றவை உஸ்தாத் விட்ட இடத்திலேயே நின்றன. டயரைத் தூக்கிப் பார்த்தேன், டிக் இல்லை. புல்லட்டுக்கு ஒரு ஜோடி ஸ்விங் ஆர்ம் புஷ் கேட்டோம், கடைக்காரர் மாடிக்குத் தேடப் போயிருந்தார். மைத்துனன் ஸ்பேனரைத் துடைத்தபடி மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.